மீனுக்கு ஸ்கிம்மரா, ஸ்கிம்மருக்கு மீனா?

(எபிசோடின் எழுத்து வடிவம். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும், நடுவில் வாசலில் காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்ததையும் வெட்டியிருக்கிறேன்.)

முன்னாடி ஒரு எபிசோடில் வீட்டில் கடல்நீர் டேங்க் வச்சிருக்கேன்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ப்ரோ, எந்த ஸ்கிம்மர் வாங்கலாம்? மாடல் மட்டும் சொல்லுங்க."

இன்றைக்கு மாடல் பெயர் சொல்லப் போவதில்லை. நான் தப்பான ஸ்கிம்மர் வாங்கி, அதனால் நாலு மீன்களைச் சாகவிட்ட கதையைச் சொல்லப் போகிறேன். கதை முடியும்போது உங்க டேங்குக்கு எது பொருந்தும்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

புதுசா கேட்கிறவங்களுக்கு: நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கம்பெனி சென்னையில், நான் திருவண்ணாமலையில், அப்பா அம்மாவோடு. வீடு தேர் ஓடுகிற மாட வீதியில் இருக்கிறது. தேர் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். கடல் பார்க்கணும்னா இங்கிருந்து புதுச்சேரிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகணும். நான் டேங்க் வைக்கப் போறேன்னு சொன்னப்போ மாமா கேட்டார்: "அக்னித் தலத்துல வந்து கடல் வைக்கிறியாடா?" வச்சேன் மாமா.

வாசல் சம்ப் வேற, இந்த சம்ப் வேற

நம்ம ஊரில் சம்ப்னு சொன்னா வீட்டு வாசலுக்கு அடியில் தண்ணி சேமிக்கிற தொட்டி. "சம்ப்ல ஒரு மெஷின் வைக்கணும்பா"ன்னு நான் சொன்னதும் அப்பா மூடியைத் திறக்கப் போயிட்டார். மீன் டேங்க்கில் சம்ப் என்பது மேலே இருக்கிற கண்ணாடித் தொட்டிக்குக் கீழே, கேபினெட்டுக்குள் இருக்கிற ரெண்டாவது தொட்டி. மேல் தொட்டியின் தண்ணி வழிந்து ஒரு பைப் வழியா கீழே இறங்கும். அங்கே சுத்தமாகி, ரிட்டர்ன் பம்ப் வழியா மறுபடி மேலே ஏறும். அழகில்லாத சாமான் எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கிற இடமும் அதுதான். அந்தச் சாமான்களில் பெரியது, விலை கூடியது புரோட்டீன் ஸ்கிம்மர்.

என் டேங்க் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுசா நிரப்பினா 191 லிட்டர். மேலே விட்ட இடம், கல், மணல் எல்லாம் கழிச்சு, சம்ப் தண்ணியைச் சேர்த்தா ஓடுகிற தண்ணி கிட்டத்தட்ட 200 லிட்டர். போர் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டு, அதில் சால்ட் மிக்ஸ் கலந்து வச்சிருக்கேன். பவளம் கிடையாது, மீன் மட்டும்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கிற கடல் 1986லிருந்து தேசியப் பூங்கா. கல் பவளங்கள் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதாவது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. "ராமநாதபுரம் பக்கம் இருந்து லைவ் ராக் எடுத்துத் தர்றேன்"னு யாராவது சொன்னா, வேண்டாம்னு சொல்லுங்க. என்னுடையது செயற்கைக் கல்தான்.

பருப்பு வேகும்போது பாருங்க

ஸ்கிம்மர் என்ன செய்யுதுன்னு புரிய யூடியூப் வேண்டாம், அடுப்படிக்குப் போங்க. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வச்சா மேலே ஒரு அழுக்கு நுரை கூடும். அம்மா அதைக் கரண்டியால் ஓரமா ஒதுக்கி அள்ளி எடுப்பாங்க. அந்த நுரையைப் பிடிச்சு வச்சிருக்கிறது பருப்பிலிருந்து வந்த புரதமும் சப்போனினும். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும்போதும் அழுக்கை நுரையோடுதான் அள்ளுவாங்க.

காரணம் எளிது. சில மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணியை விரும்பும், இன்னொரு முனை தண்ணியை வெறுக்கும். தண்ணியும் காற்றும் சந்திக்கிற எல்லைதான் அதுக்கு வசதியான இடம். ஒரு முனை தண்ணிக்குள், இன்னொரு முனை காற்றுப் பக்கம். தண்ணிக்குள் ஒரு குமிழியை விட்டா அதன் தோல் முழுக்க இந்த எல்லைதான். மீனின் உடம்புச் சளி, சாப்பிடாம விட்ட தீனியின் சாறு, பாசித் துணுக்கு எல்லாம் போய் அதில் ஒட்டிக்கும். குமிழி மேலே ஏறும்போது அழுக்கையும் தூக்கிட்டுப் போகும். ஸ்கிம்மர் என்பது தண்ணிக்குள் லட்சக்கணக்கான குமிழிகளை விட்டு, நுரையை ஒரு கழுத்து வழியா ஏற்றி, ஒரு கப்பில் வழிய விடுகிற குழாய். அவ்வளவுதான்.

குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 1 லிட்டர் காற்றை 2 மில்லிமீட்டர் குமிழிகளா உடைச்சா அத்தனை குமிழிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 3 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் ஆக்கினா 6. அரை மில்லிமீட்டர் ஆக்கினா 12 சதுர மீட்டர், ஒரு பெட்ரூம் தரை அளவு. சின்னக் குமிழி மெதுவாவும் ஏறும், அதனால் அழுக்கு ஒட்ட நேரம் கூடுதலா கிடைக்கும்.

சாதாரண நன்னீர் டேங்க்கில் இது ஏன் சரியா வேலை செய்யறதில்லை? நல்ல தண்ணியில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிசாயிடும். உப்பு அந்தச் சேர்க்கையைத் தடுக்கும். ரெண்டு டம்ளரில் ஒரே ஏர் ஸ்டோனை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. உப்புத் தண்ணி பால் மாதிரி வெளுக்கும், நல்ல தண்ணியில் குமிழி தனித்தனியா தெரியும்.

முக்கியமான ஒண்ணு. மீன் செவுள் வழியா விடுகிற அமோனியாவை ஸ்கிம்மர் எடுக்காது, நைட்ரேட்டையும் எடுக்காது. அழுக்கு அழுகி அமோனியாவா மாறுறதுக்கு முன்னாடியே அதில் ஒரு பங்கை வெளியே தள்ளும். எவ்வளவு பங்கு? அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் 2009, 2010 வாக்கில் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். தண்ணியில் கரைந்திருந்த மொத்த கரிமப் பொருளில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவை எடுத்தன. ஸ்கிம்மருக்கு ஸ்கிம்மர் பெரிய வித்தியாசமும் இல்லை. பல மடங்கு விலை கொடுத்தா பல மடங்கு சுத்தம் கிடைக்கும்னு நினைச்சா, கிடைக்காது. இதை நான் ஸ்கிம்மர் வாங்கின பிறகுதான் படிச்சேன்.

"1000 லிட்டர் வரை"

சரி, கதைக்கு வருவோம். முதல் ஸ்கிம்மர் வாங்கினப்போ பெட்டியில் "1000 லிட்டர் வரை"ன்னு போட்டிருந்தது. என் டேங்க் 200 லிட்டர். சர்வர் வாங்கும்போது ஹெட்ரூம் விடுவோம் இல்லையா, அதே கணக்கு போட்டேன். அஞ்சு மடங்கு இருக்கு, இனி கவலையே இல்லைன்னு. விலை 14,000 ரூபாய்.

அப்போ டேங்க்கில் இருந்தது ரெண்டே ரெண்டு க்ளவுன்ஃபிஷ். ஸ்கிம்மரை மாட்டினேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, கப் காய்ஞ்சே கிடந்தது. கழுத்துக்குள் நுரை பாதி ஏறும், உடைஞ்சு இறங்கும்.

ஏன்னு இப்போ தெரியும். நுரை நிற்க அழுக்கு வேணும். குமிழியின் தோலைப் பிடிச்சு வைக்கிறதே அந்தப் புரதம்தான். பெரிய ஸ்கிம்மரின் கழுத்து அகலம். அதை நிரப்பி மேலே ஏற ஒரு குறைந்தபட்ச அழுக்கு தொடர்ந்து வரணும். ரெண்டு சின்ன மீனின் அழுக்கு அதுக்குப் போதாது. சின்ன ஸ்கிம்மரா இருந்தா அதே அழுக்கு குறுகலான கழுத்தில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமா வழிஞ்சிருக்கும்.

வாங்கின கடைக்கு போன் போட்டேன். "டேங்க் புதுசு சார், மீன் கம்மி. இன்னும் நாலஞ்சு விடுங்க, நுரை தானா ஏறும்."

யோசிச்சுப் பாருங்க. மெஷின் வேலை செய்யலைன்னு லோடை ஏத்தச் சொல்றாங்க. ஆபீஸில் யாராவது இப்படிச் சொன்னா சிரிச்சிருப்பேன். ஆனா 14,000 ரூபாய் கப்பைக் காய்ஞ்சு பார்க்க மனசு வரலை. மூணு டாம்செல், ஒரு கோபி, ஒரு வ்ராஸ் வாங்கிவிட்டேன். மொத்தம் ஏழு மீன். தீனியும் கூடியது. பத்தே நாளில் கப்பில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணி. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற போட்டேன்.

கார்த்திகை வந்தது.

தேர் அன்றைக்கு

தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா ரதம். பஞ்ச மூர்த்திகளின் தேர்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாட வீதியைச் சுற்றும். பெரிய தேர் அவ்வளவு உயரம், மேலே ஓடுகிற மின்கம்பியில் பட்டுவிடக் கூடாது. அதனால் தேர் வருகிற வீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவாங்க. சின்ன வயசிலிருந்து பார்க்கிறதுதான். என்னிடம் இன்வெர்ட்டர் இருந்தது. டேங்க் லைனும் அதில்தான். பயமில்லைன்னு இருந்தேன்.

நான் கணக்கில் சேர்க்காதது ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் வந்த சொந்தக்காரங்க. பதினாலு பேர், நாலு ஃபேன். காலை 11 மணிக்கு கரண்ட் போனது. ஒன்றரைக்கு இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தி நின்றது. ரிட்டர்ன் பம்ப், ஸ்கிம்மர், எல்லாம் மௌனம். நான் மொட்டை மாடியில் தேர் பார்த்துட்டு இருந்தேன். மூணரை மணிக்குக் கீழே வந்தப்போ ஏழு மீனும் தண்ணியின் மேற்பரப்பில் வாயை வச்சு மூச்சு வாங்கிட்டு இருந்தன.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஸ்கிம்மரை அழுக்கு எடுக்கிற மெஷினாவே பார்த்திருந்தேன். டேங்க்குக்கு மூச்சு கொடுத்ததும் அதுதான். கடல்நீரில் ஆக்சிஜன் நல்ல தண்ணியை விடக் குறைவாத்தான் கரையும். 27 டிகிரி சூட்டில் லிட்டருக்கு அதிகபட்சம் 6.5 மில்லிகிராம் பக்கம். என் 200 லிட்டர் டேங்க் முழுக்கச் சேர்த்தா 1.3 கிராம். அவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. ஏழு மீன், அது போக கல்லிலும் மணலிலும் இருக்கிற பாக்டீரியா, எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கணும். வெளியே 1 லிட்டர் காற்றில் மட்டும் கால் கிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கு. மணிக்கு சில நூறு லிட்டர் காற்றை இழுத்து, பொடிப்பொடியா உடைச்சுத் தண்ணிக்குள் விட்டுட்டு இருந்த மெஷின் நின்றுபோச்சு.

தேர் அன்றைக்குக் கடை எது திறந்திருக்கும்? அம்மா ஒரு சொம்பை எடுத்தாங்க, நான் ஒரு ஜக். டேங்க் தண்ணியை அள்ளி, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊத்தினோம். டீக்கடையில் ஆத்துற மாதிரி. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பெரிய தேர் எங்க வாசலைத் தாண்டிப் போனப்போ வெளியே அரோகரா சத்தம். "போய்ப் பாரும்மா"ன்னு சொன்னேன். "நீ ஊத்துடா"ன்னு சொல்லிட்டு அம்மா நிறுத்தவே இல்லை.

ஆறு மணிக்கு கரண்ட் வந்தது. பிரச்சினை அதோடும் முடியலை. பம்ப் நின்றப்போ மேல் தொட்டியின் தண்ணி கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கியிருந்தது, அங்கே மட்டம் உயர்ந்திருந்தது. ஸ்கிம்மர் முழு வேகத்தில் கிளம்பி, நுரைக்குப் பதிலா தண்ணியையே கப்புக்குள் தள்ளியது. கப்பில் சேர்ந்திருந்த பழுப்புத் தண்ணி அத்தனையும் வழிந்து, பாதி கேபினெட்டில், பாதி திரும்பவும் டேங்க்கில்.

ராத்திரிக்குள் ரெண்டு டாம்செல், கோபி, பெரிய க்ளவுன்ஃபிஷ், நாலும் போச்சு.

அந்த டேங்க்கில் ரெண்டே மீன் இருந்திருந்தா அன்றைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு இன்னும் நினைக்கிறேன். ஏழு மீனை எனக்காகக்கூட வாங்கலை. ஒரு கப் நிறையணும்னு வாங்கினேன். இந்த எபிசோடில் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான்: மீனுக்காகத்தான் ஸ்கிம்மர். ஸ்கிம்மருக்காக மீன் வாங்காதீங்க.

அப்போ எப்படித் தேர்வு பண்றது?

பழையதைப் பாதி விலைக்கு வித்துட்டு ரெண்டாவது வாங்கினப்போ நான் வரிசையா என்னைக் கேட்டுக்கிட்ட கேள்விகளைச் சொல்றேன்.

முதல் கேள்வி: ஒரு வருஷம் கழிச்சு டேங்க்கில் எத்தனை மீன் இருக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுவேன்? ஸ்கிம்மரின் அளவை முடிவு பண்றது லிட்டர் இல்லை, தீனி. உள்ளே போகிற தீனிதான் அழுக்கா மாறுது. பெட்டியில் இருக்கிற "வரை" என்ற வார்த்தை நம்ம பிராட்பேண்ட் விளம்பரத்தில் வருகிற "100 எம்பிபிஎஸ் வரை" மாதிரி. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. நல்ல கம்பெனிகள் குறைந்த மீன், அதிக மீன் என்று ரெண்டு எண் கொடுக்கும். உங்க மீன் எண்ணிக்கைக்கு எந்த வரி பொருந்துமோ அதைப் பாருங்க. ஒரே எண்தான் இருக்குன்னா அது குறைந்த மீனுக்கானதுன்னு வச்சுக்கோங்க. நிறைய மீன் வைக்கிறவங்களுக்கு அதில் பாதிதான். என் 200 லிட்டருக்கு, நாலு சின்ன மீனுக்கு, "400 லிட்டர் வரை" போட்டது தாராளம். 80 லிட்டருக்குக் கீழே இருக்கிற சின்ன டேங்க்னா ஸ்கிம்மரே வேண்டாம். வாரம் ஒரு தடவை 10, 15 சதவீதம் தண்ணி மாத்துங்க, காசு மிச்சம்.

ரெண்டாவது: சம்ப்புக்குள் உட்காருமா? டேப் எடுத்து மூணு அளவு எடுங்க. ஸ்கிம்மர் வைக்கிற அறையின் நீளம், அகலம், கேபினெட்டின் உயரம். உயரத்தில் எல்லாரும் ஏமாறுவாங்க. ஸ்கிம்மர் உள்ளே போனா போதாது. கப்பை மேலே தூக்கிக் கழற்ற இடம் வேணும். அது இல்லைன்னா கப் கழுவ ஒவ்வொரு தடவையும் முழு ஸ்கிம்மரையும் வெளியே எடுக்கணும். ரெண்டாம் மாசம் கழுவறதையே விட்டுடுவீங்க.

மூணாவது: தண்ணி ஆழம். எனக்குத் தெரிஞ்சு ஸ்கிம்மர் "சரியில்லை"ன்னு புலம்புறவங்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இதுதான். சம்ப்புக்குள் வைக்கிற ஸ்கிம்மர் ஒவ்வொண்ணுக்கும் அது நிற்க வேண்டிய தண்ணி ஆழம் பெட்டியில் இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 9 அங்குலத்துக்குள். ஆழம் கூடினா உள்ளே தண்ணி மட்டம் கழுத்து வரை ஏறி, நுரை காயறதுக்கு முன்னாடியே வெறும் தண்ணியா வழியும். குறைஞ்சா நுரை கப்புக்கு எட்டவே எட்டாது. ஆழம் கூடுதல்னா அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்ட் வச்சு உயர்த்திடலாம். ஆனா மட்டம் நாளுக்கு நாள் மாறினா ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில், ஃபேன் காற்றில், தண்ணி ஆவியாகிற வேகம் தெரியும். அதனால் தடுப்புக் கண்ணாடி மட்டத்தைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிற அறையில் ஸ்கிம்மரை வைங்க. ஆவியாகிற குறைவு ரிட்டர்ன் பம்ப் இருக்கிற கடைசி அறையில்தான் தெரியணும். அங்கே தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணியை ஊத்திச் சரி பண்ணுங்க. உப்பு ஆவியாகாது, தண்ணி மட்டும்தான் போகும்.

நாலாவது: பம்ப். ஸ்கிம்மரின் உயிர் அதன் பம்ப். நிறைய முள் வச்ச சக்கரம் ஒண்ணு சுத்தும், காற்றை இழுத்துப் பொடியாக்கும். அது எத்தனை வாட் எடுக்குதுன்னு பாருங்க. 24 மணி நேரமும் ஓடுற சாமான் இது. என் பழையது 35 வாட், ரெண்டு மாச பில்லில் 50 யூனிட். புதியது 13 வாட், 19 யூனிட். தண்ணிக்குள் இருக்கிற பம்ப்பின் சூடும் தண்ணிக்கேதான் போகும். வெளியே 40 டிகிரி அடிக்கிற ஊரில் அதுவும் கணக்கு. டிசி பம்ப்னா வேகத்தைக் குறைச்சுக் கூட்டலாம், சத்தமும் கம்மி. எங்க வீட்டில் டேங்க் ஹாலில், அப்பா தூங்குறதும் ஹாலில், அதனால் எனக்கு டிசி. ஆனா கரண்ட் போய் வந்தா அது தானா கிளம்புமா, பட்டனை அமுக்கணுமான்னு வாங்கும்போதே கேளுங்க. முக்கியமா, இம்பெல்லர் தேய்ஞ்சா தனியா கிடைக்குமா? கொளத்தூர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ உதிரி பாகம் கிடைக்காத வெளிநாட்டு ஸ்கிம்மரை விட, கிடைக்கிற சாதாரண ஸ்கிம்மர் மேல்.

அஞ்சாவது: அது எந்தக் காற்றை இழுக்கப் போகுது? இதை யாரும் கேட்கிறதில்லை. அறைக் காற்று நேரா தண்ணிக்குள் போகுது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவத்தி, கரப்பான்பூச்சி ஸ்ப்ரே, எல்லாத்தையும் ஸ்கிம்மர் டேங்க்குக்குள் கலக்கும். கொசுவத்தியிலும் ஸ்ப்ரேயிலும் இருக்கிற பைரித்ராய்டு மருந்துகள் நம்மை விட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு விஷம். நான் காற்றுக் குழாயில் நீளமா ஒரு டியூப் மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுட்டேன். இருபது, முப்பது ரூபாய் செலவு.

மாட்டின பிறகு

புது ஸ்கிம்மர் முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கிறுக்குத்தனமா நடந்துக்கும். டேங்க் முழுக்கப் பொடிக் குமிழி விடும், வழியும், திடீர்னு அடங்கும். புது பிளாஸ்டிக்கில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போகணும். அதுவரை அளவை மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

ஓடிட்டு இருந்த ஸ்கிம்மரில் நுரை சட்டுனு அடங்கினா பயப்பட வேண்டாம். குக்கரில் பருப்பு பொங்காம இருக்க அம்மா ஒரு சொட்டு எண்ணெய் விடுவாங்க இல்லையா? அதேதான். எண்ணெய் நுரையை உடைக்கும். வடை சாப்பிட்ட கையை டேங்க்கில் விட்டாலும், எண்ணெய் கலந்த தீனி போட்டாலும் சில மணி நேரம் நுரை வராது. தானா சரியாகும். வாரம் ரெண்டு தடவை கழுத்தின் உள்பக்கத்தைத் துடைங்க. அங்கே படியற பிசுக்கும் நுரையை ஏற விடாது.

மின்வெட்டுக்கு இப்போ என்னிடம் ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு, ஸ்கிம்மர் ஒரு ஸ்மார்ட் பிளக்கில் இருக்கு. கரண்ட் வந்து பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அது கிளம்பும். அதுக்குள் ரிட்டர்ன் பம்ப் சம்ப் மட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கும், கப் வழியாது. ரெண்டு, ஒரு யுஎஸ்பி ஏர் பம்ப், ஒரு பவர் பேங்க். ஒன்றரை வாட் பம்ப்புக்கு 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் கணக்குப்படி 20 மணி நேரம் பக்கம் தாங்கும். ஆனா ரொம்பக் குறைவா கரண்ட் இழுத்தா சில பவர் பேங்க் தானா ஆஃப் ஆகிடும். ஒரு நாள் சாயந்திரம் மெயினை அணைச்சுட்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மீன் மேல வந்த பிறகு டெஸ்ட் பண்ணக் கூடாது. இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, முதல் ஸ்கிம்மர் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இப்போ டேங்க்கில் நாலு மீன். அன்றைக்குப் பிழைச்ச மூணு, அப்புறம் ஒரு குட்டி க்ளவுன்ஃபிஷ். கடலில் பிடிச்சது இல்லை, பண்ணையில் பொரிச்சதான்னு கேட்டு வாங்கினது. மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பல க்ளவுன்ஃபிஷ் வகைகளைத் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்க வைக்கிற முறையை உருவாக்கியிருக்கு. அதனால் இப்போ கேட்டா கிடைக்குது. க்ளவுன்ஃபிஷ் ஜோடியில் பெரியது பெண். அது செத்தா, மிச்சம் இருக்கிற ஆண் பெண்ணா மாறும். எங்க வீட்டில் பிழைச்சது அப்படி மாறிட்டு இருக்குன்னு நினைக்கிறேன். நல்லா பெருத்துட்டா, குட்டியை மிரட்டுறா.

கப் மூணு நாளைக்கு ஒரு தடவை கால்வாசி நிறையும். ஸ்டேட்டஸ் போடுற அளவுக்கு ஒண்ணும் இல்லை. போன கார்த்திகையில் தேர் வந்தப்போ பவர் பேங்க்கை மாட்டிட்டு, அம்மாவைக் கூட்டிட்டு வாசலில் நின்னு பார்த்தேன்.

உங்க டேங்க் அளவு, சம்ப் அறை அளவு, தண்ணி ஆழம், எத்தனை மீன், நாலையும் எழுதி அனுப்புங்க. மாடல் பெயர் மட்டும் கேட்டா திருப்பி இந்த நாலையும்தான் கேட்பேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.